சொல்லும் செயலும்: சமூகவியல் ஆய்வில் நேர்காணலும் பங்கேற்பு உற்றுநோக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

சமூகவியல் ஆய்வில் களத்தரவு திரட்டப் பயன்படும் முறைகளுள் நேர்காணலும் பங்கேற்பு உற்றுநோக்கலும் முதன்மையானவை. முன்னது மக்கள் கூறுவதைப் பதிவுசெய்கிறது. பின்னது மக்கள் செய்வதைப் பதிவுசெய்கிறது. இவ்விரண்டும் பல இடங்களில் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அம்முரண்பாட்டைத் தகவலாளரின் பிழையெனத் தள்ளிவிடாமல் தரவாகவே கொள்ள வேண்டும் என்பதையும், ஆய்வாளர் களத்தில் நின்ற இடத்தைப் பதிவுசெய்யாதவழி அத்தரவு முழுமையான சான்றாகாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. தஞ்சை மாவட்டச் சிற்றூர்களில் நிகழ்ந்த ஆய்வுகளும் பிறநாட்டு ஆய்வுகள் சிலவும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நேர்காணல், பங்கேற்பு உற்றுநோக்கல், களப்பணி, தகவலாளர், களக்குறிப்பு, ஆய்வு அறம்.

முன்னுரை

தமிழ்த்துறைகளில் நிகழும் ஆய்வுகள் நெடுங்காலம் நூல்வழிச் சான்றுகளையே சார்ந்திருந்தன. நாட்டார் வழக்காற்றியல், வட்டார இலக்கியம், இனவரைவியல், சமூக மொழியியல் முதலிய துறைகள் வளர்ந்த பின்னர்க் களத்தரவும் ஆய்வேடுகளில் இடம்பெறலாயிற்று. வழக்கினைச் சான்றாகக் கொள்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று. செய்யுளோடு வழக்கினையும் அடிப்படையாகக் கொண்டே தொல்காப்பியம் இலக்கணம் வகுத்தது. ஆயினும், நூலொன்றைச் சான்று காட்டும்போது பதிப்பு, பாடவேறுபாடு, உரையாசிரியர் கருத்து ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கும் ஆய்வாளர், தகவலாளர் ஒருவரின் கூற்றைச் சான்று காட்டும்போது அதே அளவு கூர்மையைக் காட்டுவது அரிதாகவே உள்ளது. ‘நேர்காணல், உற்றுநோக்கல் ஆகிய முறைகள் பின்பற்றப்பட்டன’ என்னும் ஒரு தொடரோடு ஆய்வு நெறிமுறை பற்றிய விளக்கம் முடிந்துவிடுவதுண்டு.

இதனால் எழும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சிற்றூர் ஒன்றில் சாதி உறவுகளை ஆராயச் செல்லும் ஆய்வாளர், தேநீர்க்கடை வைத்திருப்பவரிடம், கடையில் வேறுபாடு பார்ப்பதுண்டா என வினவுவதாகக் கொள்வோம். ‘அதெல்லாம் அந்தக் காலங்க, இப்ப எல்லாரும் ஒண்ணுதான்’ என விடை வருகிறது. அதே கடையில் சில நாள்கள் காலையில் அமர்ந்திருப்பவர், சிலருக்கு ஒருவகைக் குவளையிலும் சிலருக்கு வேறுவகைக் குவளையிலும் தேநீர் தரப்படுவதைக் காண்கிறார். இங்குக் கேட்டதைச் சான்றாகக் கொள்வதா, கண்டதைச் சான்றாகக் கொள்வதா? இவ்வினாவை மையமாகக் கொண்டே இரு முறைகளின் இயல்பும் பயனும் எல்லையும் இங்கு ஆராயப்படுகின்றன.

நேர்காணலின் இயல்பு

வினாக்களின் அமைப்பை ஒட்டி நேர்காணலைக் கட்டமைக்கப்பட்டது, பகுதி கட்டமைக்கப்பட்டது, கட்டமைக்கப்படாதது என மூவகைப்படுத்துவர். முதல் வகையில் எல்லாத் தகவலாளரிடமும் ஒரே வினாக்கள் ஒரே வரிசையில் கேட்கப்படும். விடைகளை ஒப்பிடவும் எண்ணிக்கைப்படுத்தவும் இது ஏற்றது. இரண்டாம் வகையில் வினாக்குறிப்புகள் இருப்பினும், விடையின் போக்கிற்கேற்ப வினாக்கள் மாறலாம். மூன்றாம் வகையில் தகவலாளரின் உரையாடலே வழிநடத்தும். வாழ்க்கை வரலாறுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் திரட்ட இவ்வகை பெரிதும் பயன்படுகிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் முறையான வினாநிரல் வழி ஆராயப்பட்டதற்குக் கில்பர்ட் ஸ்லேட்டரின் முயற்சி முன்னோடியாகும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியராக இருந்த அவர், 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம், தூசி முதலிய ஊர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். அவை 1918இல் நூலாக வெளிவந்தன. பின்வந்தோர் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்று மாற்றங்களை அளவிட இயன்றது. நில அளவு, கூலி, கடன், விலை முதலியவை ஒரே வகையான வினாக்களால் திரட்டப்பட்டிருந்ததே அதற்குக் காரணமாகும். ஒப்பீட்டிற்கு இடந்தருதல் கட்டமைக்கப்பட்ட வினாநிரலின் பெரும்பயன் எனலாம்.

கடந்தகாலம், ஒருவரின் உள்ளக் கருத்து, ஆய்வாளர் களத்தில் இல்லாதபோது நிகழ்ந்தவை ஆகியவற்றை அறிய நேர்காணலைவிடச் சிறந்த வழியில்லை. எனினும், நேர்காணல் என்பது மூடிய பெட்டியிலிருந்து பொருளை எடுப்பது போன்ற செயலன்று. அதுவே ஒரு சமூக நிகழ்வு. கேட்பவர் யார், எங்கிருந்து வந்தவர், எந்தச் சாதியினர், ஆணா பெண்ணா, அருகில் யார் இருக்கின்றனர், விடையால் விளையக்கூடிய நன்மை தீமை யாவை என்பனவற்றை எடைபோட்டே தகவலாளர் விடையளிக்கிறார். தேநீர்க்கடைக்காரரின் விடையும் அத்தகையதே. தீண்டாமை அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பால் ஒழிக்கப்பட்டது என்பதும், அதைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரியது என்பதும் அவர் அறிந்தவை. குறிப்பேட்டோடு வந்து நிற்பவரிடம் அவர் வேறு விடை அளிப்பார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

பங்கேற்பு உற்றுநோக்கலின் தோற்றமும் நிலைகளும்

ஆய்வுக்குரிய மக்களோடு நீண்டகாலம் வாழ்ந்து, அவர்தம் மொழியைக் கற்று, அன்றாட நிகழ்வுகளில் கலந்துகொண்டு தரவு திரட்டுவதே பங்கேற்பு உற்றுநோக்கலாகும். இம்முறைக்குத் தெளிவான வடிவம் தந்தவர் புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. 1915 முதல் 1918 வரையிலான காலத்தில் இருமுறை திரோபிரியாண்டு தீவுகளில் தங்கி அவர் மேற்கொண்ட களப்பணியின் பயனாக, மேற்குப் பசிபிக் பகுதியின் கடல்வழிப் பண்டமாற்றுப் பற்றிய நூல் 1922இல் வெளிவந்தது. அதன் முன்னுரையில் அவர் மூவகைத் தரவுகளை வேறுபடுத்துகிறார். சமூக அமைப்பைப் புலப்படுத்தும் விவரங்கள் முதல் வகை. வினாக்களால் வெளிக்கொணர இயலாத அன்றாட வாழ்வின் நுண்கூறுகள் இரண்டாம் வகை. மக்களின் சொந்த மொழியிலேயே பதிவுசெய்யப்படும் கூற்றுகளும் கதைகளும் மந்திரங்களும் மூன்றாம் வகை. நேரில் கண்டது எது, பிறர் கூறக் கேட்டது எது, ஆய்வாளரின் ஊகம் எது என்பவற்றை வாசகர் பிரித்தறியும்படி எழுத வேண்டும் என்பதும் அவருடைய வலியுறுத்தலாகும்.

நகர்ப்புறச் சமூகவியலில் இம்முறையின் ஆற்றலை வெளிப்படுத்திய ஆய்வுகளுள் வில்லியம் ஃபூட் வைட் எழுதி 1943இல் வெளிவந்த தெருமுனைச் சமூகம் பற்றிய நூல் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தாலிய வழியினர் வாழ்ந்த பகுதியில் அவர் தங்கி, இளைஞர் குழுவொன்றோடு பழகினார். அக்குழுவினர் விளையாடிய பந்துருட்டு ஆட்டத்தில் அவரவர் பெற்ற புள்ளிகளின் வரிசை, குழுவில் அவரவர்க்கிருந்த மதிப்பின் வரிசையோடு பெரிதும் ஒத்துச் சென்றதை அவர் கண்டறிந்தார். மதிப்புக் குறைந்த ஓர் உறுப்பினர் பிற நாள்களில் நன்றாக ஆடினும், குழு முழுவதும் கூடிய நாளில் அவரால் அவ்வாறு ஆட இயலவில்லை. ‘உங்கள் குழுவில் யார் தலைவர், யாருக்கு மதிப்பு அதிகம்?’ என்னும் வினாவால் இதனை அறிந்திருக்க இயலாது. அவ்வினாவை எழுப்பலாம் என்பதே அங்கு அமர்ந்திருந்ததால் கிடைத்த அறிவாகும்.

பங்கேற்பின் அளவைக் கொண்டு ரேமண்ட் கோல்ட் 1958இல் நான்கு நிலைகளை வகுத்தார். முழுப் பங்கேற்பாளர், உற்றுநோக்கும் பங்கேற்பாளர், பங்கேற்கும் உற்றுநோக்குநர், முழு உற்றுநோக்குநர் என அவற்றைத் தமிழில் வழங்கலாம். முழுப் பங்கேற்பாளர் தம் ஆய்வு நோக்கத்தை மறைத்துக் குழுவில் ஒருவராகவே இயங்குகிறார். இது அறவியல் சிக்கலுக்கு உள்ளாகிறது. முழு உற்றுநோக்குநர் மக்களோடு உறவாடாமல் விலகி நின்று காண்கிறார். நிகழ்வின் பொருளை அவர் தவறாக உணர வாய்ப்புண்டு. கோயில் திருவிழாவில் குலதெய்வ வழிபாட்டை ஆராய்பவர் காலையில் பங்கேற்பாளராகவும் மாலையில் உற்றுநோக்குநராகவும் இருக்க நேரலாம். ஆகவே இந்நிலைகள் ஒரே களப்பணியில் மாறி மாறி அமையக்கூடியவை.

சொல்லும் செயலும் விலகும் இடம்

கூற்றுக்கும் நடத்தைக்கும் இடையிலுள்ள விலகலை முதன்முதலில் எண்ணிக்கையோடு காட்டிய ஆய்வுகளுள் ரிச்சர்ட் லாபியரின் ஆய்வு புகழ்பெற்றது. 1930இல் தொடங்கி ஏறத்தாழ ஈராண்டுகள் அவர் சீன இணையர் ஒருவரோடு அமெரிக்காவில் பயணம் செய்தார். சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. அவர்கள் சென்ற விடுதிகளும் உணவகங்களும் 251. மறுக்கப்பட்டது ஒரே ஓர் இடத்தில்தான். ஆறு திங்கள் கழித்து அவ்விடங்களுக்கே வினாநிரல் அனுப்பி, சீனரை ஏற்பீர்களா என அவர் கேட்டார். விடையனுப்பிய 128 நிறுவனங்களுள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை ஏற்கமாட்டோம் என்றன. இம்முடிவுகள் 1934இல் வெளியிடப்பட்டன.

லாபியரின் ஆய்வில் குறைகள் உண்டு. விடை எழுதியவரே வரவேற்றவராக இருந்தார் என்பதற்கு உறுதியில்லை. வெள்ளையர் ஒருவரோடு நன்கு உடுத்து வந்து நின்ற இணையரும், வினாத்தாளில் பெயரளவில் இடம்பெற்ற ‘சீனர்’ என்னும் இனமும் விடையளிப்போர் மனத்தில் ஒன்றல்ல. எனினும் அக்குறைகளே ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. பொதுவான வினாவுக்குப் பொதுக்கருத்து விடையாகிறது. நேரில் நிற்கும் ஒருவரிடம் அச்சூழலின் நெருக்கடிகள் செயலைத் தீர்மானிக்கின்றன. இரண்டும் அச்சமூகத்தைப் பற்றிய உண்மைகளே.

தேநீர்க்கடை எடுத்துக்காட்டில் இவ்விலகல் எதிர்த்திசையில் அமைகிறது. அமெரிக்க விடுதியாளர் சொல்லில் மறுத்துச் செயலில் ஏற்றனர்; இங்குச் சொல்லில் சமத்துவமும் செயலில் வேறுபாடும் காணப்படுகின்றன. கடைக்காரரைப் பொய்யர் எனக் கூறிவிட்டால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். வேறுபாட்டை வெளிப்படையாக நியாயப்படுத்த இயலாத நிலை அவ்வூரில் உருவாகியுள்ளது என்பது அவ்விடையால் பெறப்படும் தரவு. அந்நிலைக்குப் பின்னும் வேறுபாடு தொடர்கிறது என்பது உற்றுநோக்கலால் பெறப்படும் தரவு. இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதுதான் எவ்வகை மாற்றம் நிகழ்ந்துள்ளது, எது மாறவில்லை என்பன புலப்படும்.

உற்றுநோக்கலும் தனித்து நின்று முடிவு கூற வல்லதன்று. அதே கடையில் அனைவருக்கும் காகிதக் குவளை வழங்கப்படுவதாகக் கொள்வோம். கண்டதை மட்டும் எழுதுபவர் வேறுபாடு ஒழிந்தது எனப் பதிவுசெய்வார். அக்குவளை எப்போது வந்தது, யார் கேட்டதால் வந்தது, பழைய குவளைகள் என்னவாயின என்பவற்றைப் பலரிடமும், குறிப்பாகக் கடைக்கு வெளியே நின்று தேநீர் அருந்தியோரிடம், கேட்டறிந்த பின்னரே அது சமத்துவத்தின் அடையாளமா, பிறர் தொட்ட குவளையைத் தவிர்க்கும் புதிய வழியா எனக் கூற இயலும். காட்சிக்குப் பொருள் தருவது உரையாடலே.

சொற்பொருள் களத்தில் தெளிவுறல்

தமிழாய்வாளர்க்கு நெருக்கமான மற்றொரு பயன் சொற்பொருள் ஆய்வில் வெளிப்படுகிறது. ஹோவர்ட் பெக்கர், பிளான்ச் கீர் ஆகியோர் 1957இல் இரு முறைகளையும் ஒப்பிட்டுக் கட்டுரையொன்று வெளியிட்டனர். கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடையே அவர்கள் மேற்கொண்ட களப்பணி அதற்கு அடிப்படை. மாணவர்கள் சில நோயாளிகளைக் ‘கிராக்’ என இழிவாகக் குறிப்பிட்டனர். மட்கலத்தைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல்லுக்கு அங்கிருந்த பொருள் அகராதியில் கிடைப்பதன்று.

மனநிலையால் உடல்நோய் உறுபவரே அவ்வாறு அழைக்கப்படுவர் என்பது பெக்கரிடம் மாணவர் தந்த முதல் விளக்கம். அவ்வாறாயின், மனநிலையோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட வயிற்றுப்புண் நோயாளியும் ‘கிராக்’ ஆவாரா என்னும் வினா எழுந்தது. ஆகமாட்டார் என்றனர் மாணவர். ஆயின் முன்னைய விளக்கம் பொருந்தவில்லை. தொடர்ந்து உரையாடியபோது, பல குறைகளைக் கூறியும் உடலில் கண்டறியத்தக்க நோயேதும் இல்லாதவரையே அச்சொல் குறிக்கிறது என்பது தெளிவாயிற்று. அத்தகைய நோயாளி மாணவர்க்குப் புதிய மருத்துவ அறிவு எதனையும் தருவதில்லை. அவர்தம் காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஒரு வசைச்சொல்லின் வழியே மாணவர்கள் எதனை மதித்தனர் என்பது வெளிப்பட்டது.

இங்கு இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, அச்சொல் வழங்கிய இடத்தில் ஆய்வாளர் இருந்திராவிடில் அதனைப் பற்றி வினவவே தோன்றியிராது. இரண்டாவது, கேட்ட விடையைக் கண்ட நிகழ்வோடு பொருத்திப் பார்த்திராவிடில் முதல் விளக்கமே இறுதி விளக்கமாக நின்றிருக்கும். வேளாண்மை, நெசவு, மீன்பிடித் தொழில் முதலியவற்றின் கலைச்சொற்களைத் திரட்டும் ஆய்வாளர்க்கு இது நேரடியாகப் பொருந்தும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொற்பட்டியலுக்குப் பொருள் கேட்டு எழுதுவதும், தொழில் நடக்கும் இடத்தில் அச்சொல் எப்போது வழங்குகிறது, எப்போது வழங்குவதில்லை எனக் கண்டு மீண்டும் கேட்பதும் ஒரே பயனைத் தருவன அல்ல.

ஆய்வாளர் நின்ற இடம்

களத்தில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்பது எவருக்கும் இயலாது. ஆய்வாளர் எங்குத் தங்கினார், யார் வழியாக ஊருக்குள் நுழைந்தார் என்பது அவர் காணக்கூடியதன் எல்லையை வகுத்துவிடுகிறது. இந்தியச் சமூகவியலில் நூல்நோக்கு, களநோக்கு என்னும் வேறுபாட்டை வலியுறுத்தியவர் எம்.என். சீனிவாஸ். சாதியை நூல்களில் காணப்படும் நால்வருண அமைப்பாக அல்லாமல் சிற்றூரில் வாழப்படும் உறவுகளாகக் காண வேண்டும் என அவர் கருதினார். மைசூர்ப் பகுதியில் ராம்புரா எனப் பெயரிட்டு அவர் எழுதிய ஊரில் 1948இல் களப்பணி மேற்கொண்டார்; ஊர்த்தலைவரின் இடத்தில் தங்கினார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் அவர் தங்கியிருந்த ஆய்வு நடுவத்தில் தீ வைக்கப்பட்டபோது, வகைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகள் எரிந்தன. பின்னர்ப் பெரிதும் நினைவிலிருந்து எழுதப்பட்ட நூல் 1976இல் வெளிவந்தது. ஊரைத் தாம் கண்ட பார்வை உயர்சாதியாரின் பார்வையோடு பெரிதும் ஒன்றியிருந்ததை அந்நூலில் அவரே வெளிப்படுத்துகிறார். களநோக்கும் ஓர் இடத்திலிருந்து நோக்குவதே என்பதை இது காட்டுகிறது.

சீனிவாசின் மாணவரான ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் எனப் புனைபெயரிட்ட ஊரில் களப்பணி செய்தார். அக்கிரகாரம், குடியானத் தெருக்கள், சேரி என மூன்றாகப் பிரிந்திருந்த ஊர் அது. முன்பு பிராமண நிலவுடைமையாளரிடம் சாதி உயர்வு, நில உரிமை, ஊர் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருங்கே குவிந்திருந்தன. அவற்றுள் அதிகாரம் பிராமணரல்லாதார் கைக்கு மாறியதை 1965இல் வெளிவந்த அவருடைய நூல் விளக்கியது. அக்கிரகாரத்து வீடொன்றில் தங்க அவருக்கு இடம் கிடைத்தது. அதனாலேயே பிராமணரல்லாதாரும் ஆதிதிராவிடரும் அவரைப் பிராமணருள் ஒருவராகவே கருதினர் என்பதையும், அவர்களோடு பழகும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவாகவே அமைந்தது என்பதையும் பெத்தேய் தம் நூலிலேயே பதிவுசெய்துள்ளார். இப்பதிவு அந்நூலின் மதிப்பைக் குறைக்கவில்லை. எப்பகுதியை உறுதியோடு ஏற்கலாம், எப்பகுதியை வேறு சான்றுகளோடு ஒப்பிட வேண்டும் என வாசகர் அறிவதற்கு அதுவே வழிகாட்டுகிறது.

இதே மாவட்டத்தில் பத்தாண்டுகளுக்கு முன், 1951 முதல் 1953 வரை, கேத்லீன் கஃப் கும்பப்பேட்டை, கிரிப்பூர் எனப் புனைபெயரிட்ட இரு ஊர்களை ஆராய்ந்தார். பிராமணர் உறவுமுறை பற்றி அவர் 1956இல் எழுதிய கட்டுரை, அதனைத் தாழ்த்தப்பட்ட சாதியாரின் உறவுமுறையோடு ஒப்பிட்டது. 1976இல் அவர் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்றார். நிலவுடைமைக்கும் வேளாண் கூலி உழைப்புக்கும் முதன்மை தரும் அவருடைய நூல் 1981இல் வெளிவந்தது. பெத்தேயின் நூலோடு இதனை இணைத்துப் படிக்கும்போது, ஆய்வாளரின் கோட்பாட்டுச் சார்பும் களத்தில் அவருக்கு வாய்த்த உறவுகளும் எவ்வாறு வெவ்வேறு வினாக்களை முன்னுக்குக் கொண்டுவந்தன என்பது தெளிவாகிறது.

காலமும் ஆய்வாளர் நிற்கும் இடத்தின் ஒரு கூறே. கஃப் களத்தில் இருந்த 1952ஆம் ஆண்டில்தான் தஞ்சைக் குத்தகையாளர்க்கும் பண்ணையாள்களுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்தது. அத்தகைய காலத்தில் ‘இந்நிலத்தை உழுபவர் யார்?’ என்பது வெறும் தகவல் வினாவாக இருந்திருக்க இயலாது. விடை உரிமைக்குச் சான்றாகலாம் என்னும் அச்சம் ஒருபுறமும், நிலம் பறிபோகலாம் என்னும் அச்சம் மறுபுறமும் இருக்கையில் கிடைக்கும் விடைகளை, வயலில் கண்டவற்றோடு ஒப்பிடாமல் ஏற்பதற்கில்லை.

தமிழ்க் களத்தின் தனித்தன்மைகள்

தமிழின் இரட்டை வழக்கு நேர்காணலில் கூடுதல் கவனத்தை வேண்டுகிறது. மக்கள் தாம் கவனிக்கப்படாதபோது எவ்வாறு பேசுகின்றனர் என்பதை, அவர்களைக் கவனித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. இம்முரணை வில்லியம் லபோவ் உற்றுநோக்குநரின் முரண்நிலை எனச் சுட்டினார். தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் வந்துள்ளார் என்றதுமே தகவலாளரின் பேச்சு எழுத்துவழக்கை நோக்கி நகர்வதுண்டு. வட்டாரச் சொற்கள் மறைகின்றன, மேடைத்தமிழ் தோன்றுகிறது. உரையாடலின் நடுவே பேரக்குழந்தை ஓடிவர, பாட்டி அதனை அதட்டும் ஒரு தொடரில் அவருடைய இயல்பான வழக்கு மீண்டுவிடும். ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது அத்தகைய இடையீடுகளை வேண்டாதவை என நீக்குவது, அரிய தரவை நீக்குவதாகும்.

விளிச்சொற்களும் இவ்வாறே. ‘சார்’, ‘மேடம்’ என விளித்தவர் சில வாரங்களில் ‘தம்பி’, ‘பாப்பா’, ‘ஆயி’ என விளிக்கத் தொடங்குவது களத்தில் உறவு மாறியதற்கு அடையாளம். அம்மாற்றத்திற்கு முன் கிடைத்த விடைகளையும் பின் கிடைத்த விடைகளையும் ஒரே தரத்தனவாக வைத்து ஆராய்வது பொருந்தாது. எனவே ஒவ்வொரு கூற்றுக்கும் நாளும் சூழலும் குறிக்கப்பட வேண்டும்.

வழக்காறுகளைத் திரட்டும் சூழலைக் கென்னத் கோல்ட்ஸ்டைன் 1964இல் இயல்பான சூழல், செயற்கைச் சூழல், தூண்டப்பட்ட இயல்பான சூழல் எனப் பிரித்தார். ஒப்பாரியை முன்வைத்து இப்பிரிவின் தேவையை உணரலாம். சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது எனப் பெண்கள் மறுப்பதுண்டு. வற்புறுத்தலால் பாடப்படும்போது இறந்தவரோடு பாடுபவருக்குள்ள உறவு, உடன் அழுவோர், பிறந்த வீட்டாரின் வருகை ஆகியன இல்லாமற் போகின்றன. பாடல் வரிகள் கிடைக்கும். யாரை நோக்கி எந்தக் குறை அழுகையாக வைக்கப்பட்டது என்பது கிடைக்காது. மறுபுறம், சாவு வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியோடு நிற்பது துயரில் இருப்போரின் மனத்தைப் புண்படுத்தும். உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ சென்று அழுகையில் கலந்துகொண்டு, பின்னர்த் தக்க காலத்தில் பாடியவரிடமே பொருள் கேட்டு எழுதுவது இரு முறைகளும் இணையும் வழியாகும்.

களக்குறிப்பும் ஆய்வு அறமும்

உற்றுநோக்கலின் தரம் களக்குறிப்பின் தரத்தைப் பொறுத்தது. அன்று கண்டவற்றை அன்றே எழுதுதல், கண்டது, கேட்டது, கருதியது ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தல், தகவலாளரின் சொற்களை மாற்றாது எழுதுதல், ஆய்வாளரின் ஐயங்களையும் மனக்கசப்புகளையும் தனி நாட்குறிப்பில் பதிதல் ஆகியன அடிப்படை ஒழுங்குகள். மாலினோவ்ஸ்கி தமக்காக எழுதிவைத்த நாட்குறிப்பு அவர் மறைவிற்குப் பின் 1967இல் வெளிவந்தபோது, தீவு மக்கள்மீது அவர் கொண்டிருந்த சினமும் சலிப்பும் வெளிப்பட்டுப் பெரும் விவாதத்தை எழுப்பின. களத்தில் உணர்ச்சியற்று இருத்தல் எவர்க்கும் இயலாது. அவ்வுணர்ச்சி தரவை எங்குப் பாதித்தது எனத் தாமே திரும்பிப் பார்ப்பதற்கு நாட்குறிப்பு உதவும்.

பெயர் சுட்டுதல் தமிழாய்வாளர் முடிவெடுக்க வேண்டிய கடினமான சிக்கலாகும். சமூகவியலில் ஊரின் பெயரையும் தகவலாளரின் பெயரையும் மறைப்பது மரபு. ஸ்ரீபுரமும் கும்பப்பேட்டையும் அவ்வாறு பிறந்த பெயர்களே. நாட்டார் வழக்காற்றியலிலோ பாடகர், கதைசொல்லி, கூத்துக் கலைஞர் ஆகியோரின் பெயரைக் குறிப்பது அவர்தம் கலைக்குச் செய்யும் மதிப்பாகும். பெயரை மறைத்தால் அவருடைய படைப்பு உரிமை மறைகிறது. இவ்விரு மரபுகளும் சந்திக்கும் தமிழ் ஆய்வேடுகளில், தகவலாளர் பட்டியல் என்னும் பின்னிணைப்பில் பெயர், வயது, சாதி, தொழில், ஊர் ஆகிய அனைத்தும் ஒருங்கே இடம்பெறுவதுண்டு.

முன்பு ஆய்வேடு நூலகத்தின் ஓர் அடுக்கில் இருந்தது. இன்று முனைவர்பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் பதிவேற்றப்படுகின்றன. எவரும் எங்கிருந்தும் படிக்கலாம். ஊரில் நிலவும் வேறுபாட்டைப் பற்றி நம்பிக்கையோடு பேசிய கூலித் தொழிலாளி ஒருவரின் பெயரும் ஊரும் அவருடைய கூற்றோடு வெளியானால், அதன் விளைவை ஏற்க வேண்டியவர் அவரே. பட்டம் பெற்று வெளியேறும் ஆய்வாளர் அல்லர். கலைப்படைப்பை வழங்கியவரின் பெயரை அவர் இசைவோடு குறிப்பதும், சமூக உறவுகள் பற்றிப் பேசியவரின் அடையாளத்தை மறைப்பதும் தக்க நெறியாகும். ஒருவரே இரண்டையும் வழங்கியிருப்பின், அவருடைய பாடல் பெயரோடும் அவருடைய கருத்து பெயரின்றியும் இடம்பெறலாம். அப்போதும் ஊர், தொழில் முதலிய குறிப்புகளால் ஆள் இன்னார் எனத் தெரிந்துவிடாதவாறு காத்தல் வேண்டும். இசைவு என்பதும் கையொப்பத்தோடு முடிவதன்று. தாம் கூறியது எங்கு, யாரால் படிக்கப்படும் என்பதைத் தகவலாளர் உணர்ந்து தரும் ஒப்புதலே இசைவாகும்.

முடிவுரை

நேர்காணல் கூற்றையும், பங்கேற்பு உற்றுநோக்கல் நடத்தையையும் தருகின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய்யெனக் காட்டுவது இவற்றை இணைப்பதன் நோக்கமன்று. இரண்டும் விலகும் இடத்தில்தான் ஒரு சமூகம் தன்னைப் பற்றிக் கூற விரும்புவதும் கூற இயலாததும் வெளிப்படுகின்றன.

பாடவேறுபாடுகளுள் ஒன்றைப் பிழையெனத் தள்ளும் முன் அது தோன்றிய காரணத்தைத் தேடுவது பதிப்பாசிரியர் கடமை. கூற்றும் செயலும் வேறுபடும்போது அதே கடமை களஆய்வாளர்க்கும் உண்டு. ஆய்வேட்டின் நெறிமுறைப் பகுதியில், ஆய்வாளர் எத்தனை நாள் களத்தில் இருந்தார், எங்குத் தங்கினார், யார் அறிமுகத்தால் நுழைந்தார், ஊரின் எப்பகுதிக்குச் செல்ல இயலவில்லை, யார் பேச மறுத்தனர் என்பன இடம்பெற வேண்டும். பேச மறுத்தோரையும் செல்ல இயலாத தெருவையும் குறிக்காமல் ‘ஊர் மக்கள் கூறுகின்றனர்’ என எழுதும்போது, பேச வாய்ப்புப் பெற்ற சிலரின் குரலே ஊரின் குரலாகிவிடுகிறது. அக்குரலில் சேராது போனவர் யாவர் எனக் கூறும் ஆய்வேட்டையே பின்வரும் ஆய்வாளர் நம்பிக்கையோடு சான்றாக எடுத்தாள இயலும்.